தீ தின்ற ஊர்களுக்குப் போகலாமா? தென் கடற்கரைப் பயணம் குறித்து ஒரு கேள்வி

மேற்குச் சிட்னிவாசி
15 பிப்ரவரி 2020

வணக்கம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் எரிந்துகொண்டிருந்த காட்டுத்தீ அத்தனையும் கட்டுக்குள் வந்துவிட்டதாகத் தீயணைப்புச் சேவை நேற்று முன்தினம் அறிவித்தது. அதன் பிறகுதான், ஒரு மாதமாக எங்கள் வீட்டில் பேசித் தீராத ஒரு விஷயத்தை இங்கே கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

நாங்கள் சிட்னியின் மேற்கே டூங்காபியில் இருக்கிறோம். ஆறு ஆண்டுகளாக ஒவ்வொரு ஜனவரியிலும் என் குடும்பமும் மைத்துனர் குடும்பமும் தென் கடற்கரையில் உள்ள நரூமாவில் ஒரே இடத்தில், அடுத்தடுத்த இரண்டு கேபின்களில் ஐந்து நாள் தங்குவது வழக்கம். இந்த ஆண்டு ஜனவரி 4 அன்று கிளம்ப இருந்தோம். டிசம்பர் 31 அன்று அந்தப் பக்கத்து ஊர்களான மோகோவும் கோபார்கோவும் எரிந்தன. ஜனவரி 2 அன்று, தென் கடற்கரையில் விக்டோரியா எல்லைவரை இருக்கும் சுற்றுலாப் பயணிகள் அனைவரும் சனிக்கிழமைக்குள் வெளியேறிவிட வேண்டும் என்று உத்தரவு வந்தது. கேபின் உரிமையாளர் அம்மையார் எப்படியோ தொடர்பு கிடைத்து எங்களை அழைத்தார். வர வேண்டாம் என்று சொல்லி, நாங்கள் கேட்காமலேயே முழுப் பணத்தையும் திருப்பி அனுப்பிவிட்டார். ஜனவரியில் சம்பாதித்து ஆண்டு முழுவதும் சமாளிக்கிறவர் அவர் என்பது எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் வாங்கி வைத்துக்கொண்டோம். அது இன்றுவரை உறுத்துகிறது.

இப்போது 22-ஆம் தேதி வார இறுதியில் போய்வரலாம் என்கிறார் என் மனைவி. மைத்துனருக்கும் ஆசைதான், ஆனால் காரணம் வேறு. அண்மையில் வாங்கிய கேமராவோடு எரிந்த காட்டைப் படம் எடுக்க வேண்டும், இப்படியொரு காட்சி இனி எப்போது கிடைக்கும் என்கிறார். எங்களோடு இருக்கும் என் அம்மா கேட்டதற்குத்தான் எங்கள் இருவரிடமும் பதில் இல்லை. “துக்கம் விசாரிக்கப் போவதற்கு ஒரு முறை இருக்கிறது, உல்லாசமாகப் போவதற்கு ஒரு முறை இருக்கிறது. நீங்கள் எந்த முறையில் போகப் போகிறீர்கள்?” என்றார்.

இன்னும் இரண்டு செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பகுதி நண்பர்கள் பழைய துணிகள், போர்வைகள், அரிசி, பருப்பு எல்லாம் சேகரித்து ஒரு கராஜை நிரப்பி வைத்திருக்கிறார்கள். போகிறவர்கள் ஏற்றிச் செல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஒன்பது வயதான எங்கள் மகளுக்கு ஆஸ்துமா உண்டு. டிசம்பரில் சிட்னியைப் புகை மூடிய நாட்களில் மிகவும் சிரமப்பட்டாள். அந்தப் பக்கம் வசிக்கிறவர்களோ அண்மையில் போய் வந்தவர்களோ வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பேகா பள்ளத்தாக்கு
15 பிப்ரவரி 2020

வணக்கம் அண்ணா. நான் பேகாவில் செவிலியாக இருக்கிறேன். இந்த ஊருக்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. உங்கள் அம்மாவின் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதிலை முதலில் சொல்கிறேன். இரண்டு முறையிலும் வராதீர்கள். சந்தைக்கு வருகிறவர்களைப் போல வாருங்கள்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், டிசம்பர் 31 காலையில் தொடங்கி இந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் யாரோ ஒருவரிடம் எதையோ வாங்கிக்கொள்கிறவர்களாகவே இருந்து களைத்துவிட்டார்கள். அன்று இரவுப் பணி முடிந்து நான் வெளியே வந்தபோது காலை எட்டு மணியைத் தாண்டியிருந்தது; ஆனால் வானம் துருப்பிடித்த இரும்பின் நிறத்தில் இருந்தது, வாகன நிறுத்தத்தில் விளக்குகள் அணையாமலேயே எரிந்துகொண்டிருந்தன. கோபார்கோவிலிருந்தும் சுற்றியுள்ள பண்ணைகளிலிருந்தும் தப்பி வந்தவர்களுக்காக இங்கே ஷோகிரவுண்டை, அதாவது கண்காட்சி மைதானத்தை, திறந்துவிட்டிருந்தார்கள். மதியம் தூக்கம் வராமல் அங்கே போனேன். குதிரை வண்டிகள், ஆடுகள், கூண்டில் பூனைகள், நாய்க்கு நிழல் தேடும் மனிதர்கள். ஒரு மூதாட்டி மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு பழுப்புக் கோழியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தார். வேறு எதையும் எடுக்க நேரமில்லை என்றார். மின்சாரம் இல்லை, தொலைபேசிக் கோபுரங்கள் இல்லை, அட்டையில் பணம் செலுத்தும் ஈஃப்ட்போஸ் வேலை செய்யவில்லை. அட்டையை மட்டும் நம்பியிருந்தவர்கள் பெட்ரோலுக்கான நீண்ட வரிசையில் நின்று, கையில் காசில்லாமல் விழித்தார்கள். ஒரு கடைக்காரர் நம் ஊர் அண்ணாச்சி கடையைப் போல நோட்டுப் புத்தகத்தில் பெயர் எழுதிக் கடன் கொடுத்தார்.

அதன் பிறகு உதவிகள் வந்தன. குறை சொல்லவில்லை, ஆனால் உங்கள் நண்பர்களின் கராஜைப் பற்றி நேராகச் சொல்லிவிட வேண்டும். துணி மூட்டைகளைத் தயவுசெய்து அனுப்பாதீர்கள். ஜனவரியில் லாரி லாரியாக வந்த துணிகளைப் பிரித்து, கிழிந்ததைத் தனியாக்கி, அளவு பார்த்து அடுக்குவதற்கே தன்னார்வலர்கள் நாட்கணக்கில் செலவிட்டார்கள். அவர்களில் சிலர் வீடு இழந்தவர்கள். அரிசியும் பருப்பும்கூட இப்போது வேண்டாம். நீங்கள் இலவசமாகக் கொண்டுவந்து இறக்கும் இருபது கிலோ, இங்கே மளிகைக்கடை வைத்திருப்பவரிடம் விற்காமல் தங்கிப்போகும் இருபது கிலோ. கராஜில் இருப்பதைச் சிட்னியிலேயே தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடான பணத்தோடு வாருங்கள். “எம்ப்டி எஸ்கி” என்று ஓர் இயக்கம் நடக்கிறதே, கேள்விப்பட்டிருப்பீர்கள்: குளிர்ப்பெட்டியைக் காலியாக எடுத்து வந்து, இங்கே வாங்கி நிரப்பிக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான். இந்தக் கோடையில் யார் யாரோ சொன்ன யோசனைகளில் எனக்குப் பிடித்தது அதுதான்.

எரிந்த ஊர்களை மட்டும் கணக்கில் வைக்காதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். இந்த மாநிலத்தில் மட்டும் 2,400-க்கும் மேற்பட்ட வீடுகள் போயின, ஐம்பது லட்சம் ஹெக்டேருக்கு மேல் எரிந்தது. அந்தக் கணக்கில் வராத இழப்பும் ஒன்று உண்டு. நரூமாவிலும் பெர்மகுயியிலும் டில்பாவிலும் கடைத்தெரு அப்படியே நிற்கிறது. ஆனால் கிறிஸ்துமஸ் முதல் ஜனவரிக் கடைசிவரை வரும் கூட்டத்தை நம்பித்தான் அவர்கள் குளிர்காலத்தை ஓட்டுகிறார்கள், அந்த ஐந்து வாரமும் மூடிய கதவோடு போய்விட்டது. காப்பீட்டுக்காரரிடம் காட்டுவதற்கு அவர்களிடம் ஒரு கரிக்கட்டைகூட இல்லை. கஃபேயில் மணிக்கணக்கில் வேலை பார்த்த இளைஞர்களுக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது.

வழிமுறைகளைச் சொல்கிறேன். கிளம்புவதற்கு முன் தங்குமிடத்துக்கு அழைத்துப் பேசுங்கள், ஏனென்றால் சில கேபின்களில் வீடு இழந்தவர்கள் குடியிருக்கிறார்கள். தீ நிலவரத்தைக் காட்டும் ‘ஃபயர்ஸ் நியர் மீ’ செயலியையும் சாலை நிலவரத்தையும் அன்று காலையில் பாருங்கள். நெடுஞ்சாலையில் மரம் வெட்டும் பணி நடப்பதால் ஆங்காங்கே நிறுத்துவார்கள். அடிமரம் உள்ளே புகைந்து கூடாகிப் போன மரங்கள் காற்றே இல்லாத நேரத்திலும் விழுகின்றன, ஆகவே எரிந்த காட்டுக்குள் வண்டியை நிறுத்தி இறங்காதீர்கள். தேசியப் பூங்காக்கள் பலவும் அடைத்திருப்பது இதனால்தான். எரிந்த வீட்டு மனைகளின் பக்கம் குழந்தைகளை விடவே வேண்டாம். பழைய வீடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு, அது சாம்பலில் கலந்து கிடக்கிறது. மகளின் ஆஸ்துமாவைப் பொறுத்தவரை, போன வார மழைக்குப் பிறகு காற்று மிகவும் தெளிந்துவிட்டது. இருந்தாலும் மூச்சு மருந்தான பஃபரையும் அதை உறிஞ்ச உதவும் ஸ்பேசரையும் அவள் கைக்கெட்டும் பையில் வையுங்கள், காற்றின் தர அளவைக் காலையில் ஒருமுறை பாருங்கள், கிளம்புவதற்கு முன் உங்கள் மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கொஞ்சம் ரொக்கமும் வைத்துக்கொள்ளுங்கள்.

யாராக் கரை
16 பிப்ரவரி 2020

மேலே எழுதிய சகோதரி அங்கேயே வாழ்கிறவர். அவர் சொல்வதை மறுக்கும் தகுதி எனக்கு இல்லை. ஆயினும் சற்றுத் தயங்கச் சொல்லும் குரல் ஒன்றும் இங்கே இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

நான் மெல்பர்ன்வாசி. 2009 பிப்ரவரி 7 அன்று விக்டோரியாவில் 173 பேரைக் கொன்ற தீயில் மாரிஸ்வில் என்ற மலையடிவார ஊர் ஏறக்குறைய முழுமையாக அழிந்தது. உடல்களைத் தேடும் பணிக்காகக் காவல்துறை அந்த ஊரைப் பல வாரங்கள் மூடி வைத்திருந்தது. திறந்த பிறகு, அந்த ஆண்டின் குளிர்காலத்தில், ஏதோ கடமையைச் செய்வதாக நினைத்துக்கொண்டு நாங்கள் நான்கு நண்பர்கள் போனோம். காபி விற்றுக்கொண்டிருந்த பெண்மணியிடம் நாங்கள் நால்வரும் தனித்தனியாக, “தீ வந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?” என்று கேட்டோம். நான்கு பேருக்கும் அவர் பதில் சொன்னார். நான்காவது முறை சொல்லும்போது கோப்பையைத் துடைத்துக்கொண்டே, பேருந்து நேரத்தை ஒப்பிப்பவரைப் போலச் சொன்னார். காருக்குத் திரும்பிய பிறகுதான் நாங்கள் என்ன செய்தோம் என்பது எங்களுக்கு உறைத்தது. அன்று எங்களைப் போல எத்தனை பேர் கேட்டார்களோ.

ஆகவே என் கருத்து இது: இரண்டு மாதம் என்பது மிகக் குறைவு. இப்போது ஊரே வரும். தொலைக்காட்சி வரும், அமைச்சர்கள் வருவார்கள். கோபார்கோவில் பிரதமருக்குக் கை கொடுக்க மறுத்தவர்களை நாம் எல்லோரும் பார்த்தோம். யார் வரலாம், எப்போது வரலாம் என்பதில் அந்த மக்களுக்கு ஒரு சொல் இருக்கிறது. மாரிஸ்வில்லில் நான் கண்டது, இரண்டாம் ஆண்டிலும் மூன்றாம் ஆண்டிலும்தான் தெரு வெறிச்சோடியது; நன்கொடைப் பணம் தீர்ந்திருந்தது, பாதி வீடுகள் கட்டி முடியவில்லை, கேட்க வருவோரும் இல்லை. நாங்கள் அதன் பிறகு ஆண்டுதோறும் போய், ஸ்டீவன்சன் அருவியைப் பார்த்து, ஓர் இரவு தங்கி, எதையும் கேட்காமல் திரும்புகிறோம். முதல் பயணத்தைவிட அந்தப் பயணங்களுக்கு அதிகப் பொருள் இருந்ததாக நினைக்கிறேன்.

உடலுழைப்பு தர முடியும் என்றால் ‘பிளேஸ்எய்ட்’ என்ற அமைப்பைப் பாருங்கள். அதே 2009 தீக்குப் பிறகு கில்மோர் ஈஸ்ட்டில் ஒரு விவசாயத் தம்பதியர் தங்கள் வேலியைக் கட்ட ஆள் தேடியபோது தொடங்கியது அது. தன்னார்வலர்கள் முகாம் போட்டுத் தங்கி, எரிந்த பண்ணை வேலிகளைப் பிரித்துப் புதிதாகக் கட்டிக் கொடுக்கிறார்கள். வேலி இல்லாத பண்ணையில் மிஞ்சிய மாட்டைக்கூட வைத்துக்கொள்ள முடியாது.

பேகா பள்ளத்தாக்கு
16 பிப்ரவரி 2020

ஐயா சொல்லும் மூன்றாம் ஆண்டுக் கணக்கு உண்மையாகத்தான் இருக்கும், அப்போதும் வாருங்கள். ஆனால் இந்த மாத வாடகையைக் கட்டினால்தான் அந்தக் கடை மூன்றாம் ஆண்டில் இருக்கும். மாரிஸ்வில் போலத் தரைமட்டமான ஊருக்குச் சொல்லும் காலக்கணக்கை, ஒரு தெருவின் பாதி எரிந்து மறுபாதி திறந்திருக்கும் ஊருக்குச் சொல்ல முடியாது. காபி விற்ற அம்மாவுக்கு நால்வரும் வந்ததா தொல்லை? நால்வரும் அதையே கேட்டதுதானே.

வன்னிமகன்
16 பிப்ரவரி 2020

கமரா பற்றி மட்டும் ஒரு வார்த்தை எழுத விரும்புகிறேன்.

நான் கிளிநொச்சியைச் சேர்ந்தவன். இப்போது வென்ட்வொர்த்வில்லில் வசிக்கிறேன். யுத்தம் முடிந்து ஏ9 வீதி திறக்கப்பட்ட பின்னர், தெற்கிலிருந்து பேருந்துகள் நிறைய ஆட்கள் எங்களது ஊரைப் பார்க்க வந்தார்கள். நகரின் நடுவே தகர்ந்து சாய்ந்து கிடந்த பெரிய நீர்த்தாங்கிதான் அவர்களுக்கு முதற்காட்சி. அதன் முன்னே குடும்பம் குடும்பமாக நின்று சிரித்துப் படம் எடுப்பார்கள். பின்னர் அதன் அருகிலேயே நினைவுப்பொருள் விற்கும் கடை ஒன்றும் வந்தது. 2011-இல் நான் ஊருக்குப் போயிருந்தபோது எங்கள் வீடு கூரையில்லாமல் நான்கு சுவர்களாக நின்றது. அம்மா முற்றத்தில் தறப்பாளின் கீழ் சமைத்துக்கொண்டிருந்தார். வீதியில் நின்ற பேருந்திலிருந்து இறங்கிய ஓர் இளைஞர், வேலியில்லாத அந்த முற்றத்துக்குள் வந்து சுவரைப் படம் எடுத்தார். அவர் கெட்டவர் அல்லர். அம்மாவைக் கண்டதும் தலையைக் குனிந்து வணக்கம் சொன்னார். ஆனால் சுவரை எடுத்த பிறகுதான் அம்மாவைக் கண்டார்.

உங்கள் மைத்துனர் காட்டைப் படம் எடுக்கட்டும். காடு ஒருவரது முற்றம் அல்ல. (அதுவும் சரியோ தெரியாது. அது பூர்வகுடிகளான யூயின் மக்களின் நிலம். மோகோவில் அவர்களது நிலக் கழகத்தின் அலுவலகமும் அன்று எரிந்துபோனது.) புகைபோக்கி மட்டும் மிஞ்சி நிற்கும் மனையைக் கண்டால் கமராவை இறக்கிவிடச் சொல்லுங்கள். வேலி எரிந்துபோயிருக்கும், ஆனால் வேலி இருந்த இடம் இருக்கிறது.

கான்பராக் குடும்பஸ்தர்
17 பிப்ரவரி 2020

நல்ல உரையாடல். ஒரு நடைமுறைச் செய்தியைத் துணிந்து சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். நம்மவர்கள் கடற்கரைக்குப் போகும் முறை எனக்குத் தெரியும்; நானும் அப்படித்தான் போகிறவன். முதல் நாளே புளியோதரை கிளறி, இட்லிப் பொடியும் தயிரும் கட்டி, ரைஸ் குக்கரைப் பின்னிருக்கைக்குக் கீழே திணித்து, கேபின் வாடகையைத் தவிர ஒரு டாலர்கூடச் செலவழிக்காமல் திரும்பி வருவோம். இந்த ஒரு பயணத்துக்கு ரைஸ் குக்கரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். சைவ உணவு கிடைக்காது என்பது சாக்கு. டோஸ்ட்டும் பூசணிக்காய் சூப்பும் உருளைக்கிழங்கு வறுவலும் கிடைக்காத கஃபே அந்தக் கடற்கரையில் இல்லை. இரண்டு நாள் தாங்கும்.

மேற்குச் சிட்னிவாசி
4 மார்ச் 2020

அனைவருக்கும் நன்றி. போய் வந்தோம். எழுதுவதற்குப் பத்து நாள் ஆகிவிட்டது. நேற்று முன்தினம், கடந்த ஜூலைக்குப் பிறகு முதன்முறையாக மாநிலத்தில் ஒரு காட்டுத்தீகூட எரியவில்லை என்ற செய்தி வந்ததும், கடனைத் தீர்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

கேபின் அம்மையாருக்கு அழைத்தபோது, ஜனவரியில் திருப்பி அனுப்பிய தொகையை மீண்டும் முழுமையாக அனுப்புகிறோம், வாங்கிக்கொள்ள வேண்டும் என்றேன். இரண்டு இரவுக்கு ஐந்து இரவுப் பணம் வாங்க முடியாது என்று மறுத்துவிட்டார். தானமாகக் கொடுக்க நினைத்ததை அவர் குரலிலேயே கண்டுகொண்டார் போலும். கடைசியில் என் மனைவி தொலைபேசியை வாங்கி, மீதி மூன்று இரவை அடுத்த பயணத்துக்கு முன்பணமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றதும் ஒப்புக்கொண்டார். அதுதான் சகோதரி சொன்ன சந்தை முறை என்று அப்போது புரிந்தது. மூட்டைகளைக் கராஜிலிருந்து எடுக்கவில்லை. நண்பர்கள் இருவருக்கு என்மேல் வருத்தம்.

பேட்மன்ஸ் பேயைத் தாண்டியதும் காரில் பேச்சு நின்றுவிட்டது. சாலையின் இரு பக்கமும் கறுப்பு. ஸ்பாட்டட் கம் மரங்கள் அடியிலிருந்து நுனிவரை கரிபூசியதுபோல் நின்றன, தரையில் புல் இல்லை, காட்டின் உள்ளே நெடுந்தூரம் பார்க்க முடிந்தது. இலைகள் இருந்தவரை அந்தக் காட்டுக்குள் அவ்வளவு தூரம் நான் பார்த்ததே இல்லை. மலையின் மடிப்பும் மேடும் மொட்டைத்தலையில் தெரியும் தழும்பைப் போலத் தெரிந்தன. சாலைப் பணிக்காக எங்களை நிறுத்திய இடத்தில்தான் மகள் முதலில் கண்டாள். சில மரங்களில் கிளை நுனியில் அல்லாமல் அடிமரத்தின் கரிந்த பட்டையைப் பிளந்துகொண்டே இளந்தளிர்கள் கொத்துக்கொத்தாக வந்திருந்தன; மரத்துக்கு ரோமம் முளைத்ததுபோல் இருந்தது. நெருப்பு இலைகளைத் தின்றுவிட்டால் பட்டைக்கடியில் உறங்கும் மொட்டுகளைக் கொண்டு யூகலிப்டஸ் இனங்கள் உயிர் பிடிக்கும் என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்களாம். கீழே, சாம்பலுக்கு நடுவே, பார்ப்பதற்கு ஈச்சங்கன்றைப் போல இருக்கும் புரவாங் செடிகள் பளிச்சென்ற பச்சையில் விரிந்திருந்தன. மைத்துனர் சன்னலை இறக்கி ஐந்தாறு படங்கள் எடுத்தார். மோகோவுக்கு முன்பாகவே கேமராவைப் பையில் வைத்துவிட்டார். யாரும் சொல்லவில்லை.

மோகோவில், கடைகள் வரிசையாக இருந்த தெருவில் பல் விழுந்தாற்போல் இடைவெளிகள். கம்பி வேலி போட்ட ஒரு மனையில் முறுக்கிப்போன இரும்புத் தகடுகளும், சூளையில் வெந்தது போதாதென்று இரண்டாம் முறை வெந்த மண்பாண்டத் துண்டுகளும் கிடந்தன. அதற்கு இரண்டு கடை தள்ளி, திறந்திருந்த ஒரு கடைக்குள் போனோம். யாராக் கரை ஐயா எழுதியதை எல்லோரும் படித்திருந்ததால், எதையும் கேட்பதில்லை என்று காரிலேயே பேசி வைத்திருந்தோம். அம்மா மட்டும் ஆங்கிலம் அதிகம் தெரியாததால் விதிவிலக்கு. அவர் ஒரு மரக் கிண்ணத்தை எடுத்துப் பார்த்து, விலையைப் பார்த்து, திருநெல்வேலிச் சந்தையில் செய்வதைப் போலவே தலையை ஆட்டி, விரல்களால் ஐந்து டாலர் குறைக்கச் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேரம் பேசும் இடமா இது! கடைக்காரப் பெண்மணி அம்மாவைச் சிறிது நேரம் பார்த்துவிட்டுச் சிரித்தார். குறைக்க முடியாது என்று உறுதியாகச் சொல்லி, வேண்டுமானால் இந்தச் சிறிய கரண்டியைச் சேர்த்துத் தருகிறேன் என்று எடுத்து வைத்தார். இரண்டு மாதத்தில் தன்னிடம் விலை குறைத்துக் கேட்ட முதல் ஆள் இவர்தான், மற்றவர்கள் எல்லோரும் மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் போகிறார்கள், அதை வாங்கிக்கொள்ளச் சொல்லிப் பின்னாலேயே ஓட வேண்டியிருக்கிறது என்றார். பிறகு நாங்கள் கேட்காமலேயே அவர் பேசினார். தீயைப் பற்றி அல்ல, பொருள்களை மீண்டும் தருவிப்பதில் இருக்கும் தாமதத்தைப் பற்றியும், பக்கத்து விலங்குக் காட்சிசாலைக்காரர்கள் அன்று ஊரைவிட்டுப் போகாமல் நின்று, சின்ன விலங்குகளை வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்து, அத்தனையையும் காப்பாற்றியதைப் பற்றியும். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை இருந்தது.

மறுநாள் டில்பாவுக்குப் போனோம். குலாகா மலை முன்பைப் போலவே நீலமாக நின்றது. அந்தப் பழைய சீஸ் தொழிற்சாலையில் குளிர்ப்பெட்டியின் பாதியை நிரப்பினோம். மீதிப் பாதியை நரூமாவில் தேன், ஜாம், பழங்கள் என்று முடித்தோம். கோபார்கோவரை போகவில்லை. மைத்துனர் போகலாம் என்றார். அம்மா, “அது இழவு வீடு, அழைத்தால் போவோம்,” என்றார். அது சரியா தவறா என்று இன்னும் எனக்குத் தெளிவில்லை, ஏனென்றால் அங்கும் திறந்திருக்கும் கடைகள் உண்டு என்று சகோதரி எழுதியது நினைவில் இருந்தது. மகளுக்கு மூச்சுத் தொல்லை எதுவும் வரவில்லை. ரைஸ் குக்கர் எங்களோடு வந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அம்மா எப்போது அதைக் காரில் வைத்தார் என்று யாருக்கும் தெரியவில்லை.

பேகா பள்ளத்தாக்கு
25 மார்ச் 2020

அண்ணா, கோபார்கோ பற்றிக் கவலைப்படாதீர்கள். அம்மா சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. அந்தக் கரண்டிக் கதையை இங்கே வார்டில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன்.

இதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுத வேண்டியிருக்கிறது. இனி யாரும் வராதீர்கள். கொரோனாவால் பயணங்களைத் தவிர்க்கும்படி அரசு சொல்லிவிட்டது உங்களுக்கும் தெரியும். பப்பும் மூடிவிட்டது, கஃபேக்கள் பொட்டலம் கட்டிக் கொடுப்பதோடு சரி. தீயிலிருந்து மீண்டு ஈஸ்டரையாவது பார்த்துவிடலாம் என்று சரக்கு வாங்கி அடுக்கியவர்கள் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கள் மருத்துவமனை சிறியது, வெளியூரிலிருந்து ஒருவர் நோயோடு வந்தாலும் தாங்காது. போன மாதம் இதே இடத்தில் வாருங்கள் வாருங்கள் என்று எழுதியவள் நான்தான்.

தேன், ஜாம், சீஸ், சோப்பு, தோல் பொருள்கள் எல்லாவற்றையும் தபாலில் அனுப்பத் தொடங்கியிருக்கிறார்கள். நீங்கள் வாங்கிய கடையின் ரசீதில் தொலைபேசி எண் இருக்கும்.

மேற்குச் சிட்னிவாசி
26 மார்ச் 2020

ரசீதைத் தேடி எடுத்தேன். கிண்ணத்தின் ஜோடி ஒன்று இருந்ததாக அம்மாவுக்கு நினைவு. அழைத்துக் கேட்டேன், இருக்கிறதாம், திங்கட்கிழமை அனுப்புகிறார்கள். தபால் செலவைக் குறைக்கச் சொல்லும்படி அம்மா பின்னாலிருந்து சைகை காட்டினார். நான் கேட்கவில்லை.

கேபின் அம்மையாரும் நேற்று அழைத்திருந்தார். மூன்று இரவுக்கான முன்பணத்தைத் திருப்பி அனுப்பட்டுமா என்றார். வேண்டாம், செப்டம்பர் பள்ளி விடுமுறையின் முதல் வாரத்துக்கு எங்கள் பெயரை எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். நாட்காட்டி புரளும் சத்தம் கேட்டது. அதுவரை அந்தப் பக்கத்தில் வேறு யார் பெயரும் இல்லை என்றார்.